அல்சைமர் நோயுடன் வாழ்பவருக்குப் பாதுகாப்பான உடற்பயிற்சி: திருகோணமலைக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

வீட்டில் அல்சைமர் நோய் உள்ள ஒருவருக்கு உடற்பயிற்சி செய்விக்க நினைக்கும் குடும்பம், அந்தப் பயிற்சி எதைத் தரும், எதைத் தராது என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். பயிற்சி இழந்த நினைவைத் திருப்பித் தராது. 2018ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வெளியான டாபா ஆய்வில், லேசான அல்லது நடுத்தர நிலையில் மறதி நோய் உள்ள 494 பேர் பங்கேற்றார்கள். அவர்களுள் நான்கு மாதங்கள் கண்காணிப்பின் கீழ்ச் சற்றுக் கடுமையான பயிற்சி பெற்றவர்களின் உடல் வலு கூடியது. ஆனால் அறிவாற்றல் குறைந்து செல்வதை அப்பயிற்சி தடுக்கவில்லை. 2013இல் வெளியான பின்லாந்து ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வாழ்க்கைத் துணையுடன் வீட்டில் வசித்த அல்சைமர் நோயாளர் 210 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு ஓராண்டு காலம் வாரத்தில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் பயிற்சி அளிக்கப்பட்டது. வழமையான பராமரிப்பை மட்டும் பெற்றவர்களை விடப் பயிற்சி பெற்றவர்கள் குறைவாகவே விழுந்தார்கள். வீட்டிலேயே பயிற்சி பெற்றவர்களின் அன்றாட இயலுமையும் மெதுவாகவே குறைந்தது.

ஆகவே, நினைவுக்காகப் பயிற்சி என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, கதிரையிலிருந்து தானாக எழும்புவது, மலசலகூடத்துக்குத் தானாக நடந்து செல்வது, விழாமல் திரும்புவது ஆகிய மூன்றையும் இயன்ற காலம் வரை காப்பாற்றுவதையே குறிக்கோளாக வைத்துக்கொள்ளுங்கள். இவை மூன்றும் இருக்கும் வரை நோயாளரின் மானமும் பராமரிப்பவரின் முதுகும் காக்கப்படும். நல்ல தூக்கம், சீரான மலப்போக்கு, சற்றுத் தணிந்த பதற்றம் ஆகியவையும் பலரிடம் இதனுடன் சேர்ந்து வருகின்றன.

இன்னொரு உண்மையும் இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடித்தளமாக உள்ளது. அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே மூளையின் ஹிப்போகம்பஸ் பகுதியைத் தாக்குவதால் புதிய செய்திகள் மனத்தில் பதிவதில்லை. ஆனால் பல்லாண்டுகள் செய்து பழகிய செயல்களின் நினைவு மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்திருப்பதால் அது நீண்ட காலம் தாக்குப்பிடிக்கிறது. காலையில் என்ன சாப்பிட்டார் என்பதை மறந்துவிட்ட கடற்றொழிலாளியின் கை, கயிற்றைக் கண்டதும் இழுக்கத் தெரிந்ததாகவே இருக்கும். ஆகையால் புத்தகத்திலோ காணொளியிலோ பார்த்த புதிய அசைவுகளைக் கற்பிக்க முயல்வதை விட, அவருடைய உடல் ஏற்கெனவே அறிந்த அசைவுகளைக் கொண்டு பயிற்சியை அமைப்பதே பயன் தரும்.

முதற்படி: வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

பயிற்சியைத் தொடங்கும் முன்னர், அவர் வழமையாகச் செல்லும் கிளினிக்குக்குக் கிளினிக் கொப்பியையும், உட்கொள்ளும் எல்லாக் குளிசைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஆயுர்வேத, சித்த மருந்துகள் எடுத்தால் அவற்றையும் மறைக்காமல் காட்டுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு வாங்குதல், அண்மையில் நிகழ்ந்த விழுதல், இடுப்பு அல்லது முழங்கால் வலி ஆகியவை இருந்தால் ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள். நோயாளர் தாமாகவே இவற்றை நினைவில் வைத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. கேட்டால் "ஒண்டுமில்லை" என்றே சொல்லக்கூடும்.

அல்சைமர் நோய்க்குக் கொடுக்கப்படும் டொனபெசில், ரிவாஸ்டிக்மின் ஆகிய மருந்துகள் சிலருக்கு இதயத் துடிப்பை மந்தமாக்கி மயக்கத்தை உண்டாக்கலாம். பதற்றத்தைத் தணிக்கவோ தூக்கத்துக்காகவோ கொடுக்கப்படும் குளிசைகள் தள்ளாட்டத்தையும் தசை இறுக்கத்தையும் தரலாம். இரத்த அழுத்தக் குளிசைகளால் எழும்பும்போது அழுத்தம் திடீரென்று இறங்கலாம். மருந்தை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. எந்த நேரத்தில் எடுத்த குளிசைக்குப் பிறகு அவர் தள்ளாடுகிறார் என்பதைக் கவனித்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், அவர் ஐந்து நிமிடம் படுத்திருந்த பின் ஒரு முறையும், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மீண்டும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அல்லது கீழ் எண் 10 இறங்கினால், நின்று செய்யும் பயிற்சிகளைத் தொடங்கும் முன் வைத்தியரின் ஆலோசனை கட்டாயம் வேண்டும்.

இன்சுலின் அல்லது கிளிபென்கிளமைட் போன்ற நீரிழிவு மருந்து எடுப்பவருக்குப் பயிற்சியின்போது சீனி இறங்கும் ஆபத்து உண்டு. வெறும் வயிற்றில் பயிற்சி வேண்டாம். விரத நாட்களிலும் நோன்பு காலத்திலும் இதைக் குறிப்பாக நினைவில் வைத்திருங்கள்; மறதி நோயாளர் தாம் உண்டாரா இல்லையா என்பதை அறியாமலே விரதத்தைத் தொடர்ந்துகொண்டிருக்கக்கூடும்.

கண்ணையும் காதையும் காலையும் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். கண்ணில் பூ விழுந்திருந்தால் படி தெரியாது. காதில் மெழுகு அடைத்திருந்தால் நீங்கள் சொல்வது கேட்காது. நகம் வளைந்து வளர்ந்திருந்தால் ஒவ்வோர் அடியும் நோவாகும். பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை என்று நாம் நினைக்கும் பலருக்கு உண்மையில் இருப்பது இத்தகைய தீர்க்கக்கூடிய தடையே. இயலுமாயின், பயிற்சித் திட்டத்தை ஒரு தடவையாவது இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) நேரில் பார்த்து அமைத்துத் தருவது மிகச் சிறந்தது. வைத்தியசாலைக் கிளினிக்கிலேயே இதற்கான பரிந்துரையைக் கேட்டுப் பெறலாம்.

இரண்டாம் படி: இடத்தை ஒழுங்கு செய்தல்

பெரும்பாலான வீடுகளில் விறாந்தையே பொருத்தமான இடம். வெளிச்சமும் காற்றும் உண்டு; தெருவைப் பார்த்துக்கொண்டு செய்வதால் சலிப்பும் வராது. ஆனால் அங்கே வழமையாகப் போட்டிருக்கும் இலேசான பிளாஸ்டிக் கதிரையைப் பயிற்சிக்குப் பயன்படுத்தவே வேண்டாம். எழும்பும்போது கைபிடியை அழுத்தினால் அது வழுக்கிப் பின்னே போகும். ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் கால் மடங்கும். பாரமான மரக் கதிரை, இரு பக்கமும் கைபிடி, சுவரோடு முட்டிய பின்புறம், அமர்ந்தால் முழங்கால் மட்டத்துக்குச் சமமான அல்லது சற்று உயர்ந்த இருக்கை ஆகியவை வேண்டும். இருக்கை தாழ்வாக இருந்தால் அமுங்காத கெட்டியான திண்டு ஒன்றை வைத்து உயர்த்துங்கள்.

தரையிலிருந்து பாய், கால்துடைப்பான், மின்கம்பி, பேரப்பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்கள் அனைத்தையும் அகற்றுங்கள். அல்சைமர் நோய் கண்ணைத் தாக்காவிட்டாலும், கண் காண்பதை மூளை விளங்கிக்கொள்ளும் விதத்தை மாற்றிவிடும். இதனால் வெளிர்நிறத் தரையில் கிடக்கும் கறுப்புக் கால்துடைப்பான் அவருக்குக் குழியாகத் தெரியலாம். அவர் அதன் முன் நின்று அடியெடுத்து வைக்க மறுத்தால் அது பிடிவாதமன்று. கிணற்றடியிலும் குளியலறை வாசலிலும் உள்ள ஈரச் சிமெந்தைப் பயிற்சிக்குச் செல்லும் வழியிலிருந்து முற்றாகத் தவிர்த்துவிடுங்கள்.

உடையும் காலணியும் பற்றி ஒரு சொல். சாரம் கணுக்காலுக்கு மேலே இருக்கும்படி உயர்த்தி இறுக்கிக் கட்டப்பட வேண்டும். அவிழ்ந்து காலில் விழும் சாரம் விழுதலுக்குப் பெரிய காரணம். அதிலும் அவர் அதைப் பிடிப்பதற்காகக் கையைக் கைபிடியிலிருந்து எடுத்துவிடுவார். சேலை உடுத்தும் அம்மாமாருக்குப் பயிற்சி நேரத்தில் கணுக்கால் தெரியும் நீளமுள்ள சட்டை வசதியானது. விரலிடையில் வார் உள்ள இறப்பர் செருப்பைத் தவிர்த்து, குதிக்காலில் பட்டி உள்ள, அடி தேயாத செருப்பையோ சப்பாத்தையோ அணிவியுங்கள்.

மூன்றாம் படி: நேரமும் காலநிலையும்

காலை ஆறு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடைப்பட்ட நேரம் திருகோணமலையில் ஆண்டு முழுவதும் பொருந்தும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும்போது பகல் வெப்பம் 35 பாகையைத் தொடுவது வழமை; அக்காலத்தில் எட்டு மணிக்குப் பின்னர் வெயில் தணியும் வரை வெளியே நடைப்பயிற்சி வேண்டாம். முதுமையில் தாக உணர்வு குறைந்துவிடும். மறதியும் சேர்ந்தால் அவர் தண்ணீர் கேட்கவே மாட்டார். பயிற்சிக்கு அரை மணி முன்னர் ஒரு கோப்பை, இடையில் சில மிடறுகள், முடிவில் ஒரு கோப்பை என்று நீங்களாகவே கையில் கொடுங்கள். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு ஒரு நாளில் எவ்வளவு நீர் என்பதையும், இளநீர் கொடுக்கலாமா என்பதையும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரக நோயாளருக்கு அது கேடு விளைவிக்கலாம்.

ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் பல நாட்கள் வெளியே செல்ல முடியாது. அந்த நாட்களில் பயிற்சியை விட்டுவிட்டால் தையில் திரும்பத் தொடங்குவது கடினம். படுக்கையில் கழித்த இரண்டு வாரங்களில் முதுமைத் தசை இழக்கும் வலுவை மீட்கப் பல வாரங்கள் வேண்டும். ஆகவே வீட்டுக்குள் செய்யும் பகுதியை என்றும் நிற்காத முதன்மைப் பயிற்சியாகவும், வெளியே நடப்பதை அதற்கு மேலான சேர்க்கையாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் கவனம் வேண்டும். அல்சைமர் நோயாளர் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடும். "வீட்டுக்குப் போக வேணும்" என்று தம் வீட்டிலிருந்தே கிளம்புவார்கள். அந்த நேரத்தில் புதிதாக எதையும் செய்விக்க முயல வேண்டாம். நான்கரை மணியளவில், அவர் இன்னும் அமைதியாக இருக்கும்போது முற்றத்தில் சிறிது நடப்பது சிலருக்கு அந்தப் பதற்றத்தைக் குறைக்கிறது.

நான்காம் படி: சொல்லும் முறை

என் பார்வையில், பயிற்சி வெற்றி பெறுவதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். "அப்பா, எழும்பிக் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு வலக்காலைப் பின்னாலே தூக்குங்கோ" என்பதில் மூன்று கட்டளைகள் உள்ளன. மூன்றாவதைக் கேட்பதற்குள் முதலாவது மறைந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: "அப்பா, கையை இங்கே வையுங்கோ." சொன்னபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அந்த இடைவெளி பராமரிப்பவருக்கு நீண்டதாகத் தோன்றும்; ஆனால் சொல் அவர் மூளைக்குள் சென்று அசைவாக மாற அவ்வளவு நேரம் வேண்டும். இடையில் வேறு சொற்களால் திரும்பச் சொன்னால், அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சொல்லுக்கு முன்னே செயல் வரட்டும். அவர் முன்னே அல்லது சற்றுப் பக்கவாட்டில், அவர் பார்வைக்குள் அமர்ந்து நீங்களும் அதே அசைவைச் செய்யுங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுவதும், அவருக்குப் பழகிய தேவாரத்தையோ பழைய பாட்டையோ தாளத்துக்கு ஒலிக்க விடுவதும் உடலை இயல்பாக அசைய வைக்கும். "எக்சசைஸ் செய்வம்" என்றால் மறுப்பவர், "வாங்கோம்மா, பூப்பறிக்கப் போவம்" என்றால் எழும்பிவிடுவார்.

மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். வாதாடினால் வாதம் மறந்துபோகும், ஆனால் மனக்கசப்பு உடலில் தங்கிவிடும். மறுநாள் உங்களைக் கண்டதும் காரணம் தெரியாமலே விலகுவார். கால் மணி நேரம் விட்டு வேறொரு பேச்சோடு மீண்டும் வாருங்கள். மூன்றாம் முறையும் மறுத்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஆனால் வழமையாக விருப்பத்துடன் செய்பவர் திடீரென்று மறுத்தால், எங்கோ வலி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: வீட்டுப் பயிற்சிகள்

நேரமோ பொறுமையோ குறைந்த நாளில் ஒன்றை மட்டுமே செய்விக்க முடியுமென்றால், அது கதிரையிலிருந்து எழும்பி அமர்வதாக இருக்கட்டும். தொடை, இடுப்புத் தசைகளின் வலுவும் சமநிலையும் இந்த ஒரே அசைவில் அடங்கியுள்ளன. அன்றாடம் எத்தனையோ முறை தேவைப்படும் அசைவும் இதுவே.

அவர் இருக்கையின் முன் விளிம்புக்கு நகர்ந்து அமர வேண்டும். பாதங்கள் இடுப்பளவு அகலத்தில், குதிக்கால்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இருக்கட்டும். இரு கைகளும் கைபிடிகளில். பிறகு உடலை முன்னே சாய்க்க வேண்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும் அளவுக்குச் சாய்ந்தால்தான் பாரம் பாதங்களுக்கு மாறும். விழும் அச்சத்தால் நோயாளர் இதற்கு நேர்மாறாகப் பின்னே சாய்வார்கள். பராமரிப்பவர் நேர் முன்னே மிக அருகில் நின்றால் அந்த அச்சம் கூடும், சாய்வதற்கு இடமும் இருக்காது. ஆகவே பக்கவாட்டில் நின்று, ஒரு கையை அவர் முதுகில் மெதுவாக வைத்து, "முன்னுக்குக் குனியுங்கோ" என்று சொல்லிக் காத்திருங்கள். அக்குளுக்குக் கீழே பிடித்துத் தூக்குவதும், இரு கைகளையும் பிடித்து இழுப்பதும் அவர் தோள்மூட்டையும் உங்கள் முதுகையும் காயப்படுத்தும். எழுந்து நின்றபின் சற்று நேரம் அசையாமல் நிற்க விட்டு, தலைச்சுற்றல் இருக்கிறதா என்று முகத்தைப் பாருங்கள். அமரும்போது, இரு கால்களின் பின்புறமும் கதிரையில் படுவதை உணர்ந்த பின்னரே கைகளைப் பின்னே கொண்டுசென்று கைபிடியைத் தொட்டு மெதுவாக அமர வேண்டும். முழுவதும் திரும்பாமலே பாதி வழியில் அமர முயல்வது இந்நோயாளரிடம் அடிக்கடி காணப்படும். விழுதல்கள் பல அந்த நொடியிலேயே நிகழ்கின்றன. "கதிரை காலிலே படுதா?" என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் கேளுங்கள். நாளடைவில் அந்தக் கேள்வியே அவரது உடலுக்குப் பழகிவிடும்.

ஐந்து முறையில் தொடங்கி, சில வாரங்களில் எட்டு அல்லது பத்துக்கு உயர்த்துங்கள். இடையில் ஓய்வு விட்டு இன்னொரு சுற்றும் செய்யலாம். மூச்சை அடக்கக் கூடாது. உரக்க எண்ண வைத்தால் மூச்சு தானாக வெளியேறும்.

அமர்ந்தபடி செய்யும் மற்றவை எளியவை. முழங்கால்களை மாறி மாறி உயர்த்தி அமர்ந்த நடை நடக்கலாம். ஒரு காலை நேராக நீட்டி மூன்று நொடி வைத்திருந்து இறக்கலாம். குதிக்காலையும் விரல் நுனியையும் மாறி மாறித் தரையில் ஊன்றலாம். இது கணுக்கால் இறுகாமல் காப்பதோடு, எழும்பும் முன் காலில் தேங்கிய இரத்தத்தை மேலேற்றவும் உதவும்.

கைக்கான பயிற்சியில் அவரது தொழிலையும் வாழ்க்கையையும் நினைவில் கொள்ளுங்கள். கடற்றொழில் செய்தவருக்கு ஒரு மொத்தக் கயிற்றின் மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொண்டு, அமர்ந்தபடியே வலை இழுக்கும் அசைவைச் செய்விக்கலாம். தம்பலகாமத்து வயலில் உழைத்த அம்மாவிடம் சுளகில் சிறிது அரிசியைக் கொடுத்துப் புடைக்கச் சொல்லலாம். ஈரத் துவாயை முறுக்கிப் பிழிதல், உலர்ந்த துணிகளை மடித்தல், தேங்காய்ப்பூவைக் கையால் பிழிதல் ஆகியவையும் பயிற்சியே. கத்தி, அரிவாள்மணை, கொதிநீர், அடுப்பு ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள குடும்பங்களில், நாள்தோறும் ஐந்து வேளை தொழுது பழகியவருக்குத் தொழுகையின் அசைவுகள் ஆழமாகப் பதிந்திருக்கும். தரையிலிருந்து எழும்ப இயலாதபோது கதிரையில் அமர்ந்து தொழ ஒழுங்கு செய்தால், வழிபாடும் தொடரும், உடலும் அசையும்.

நின்றபடி செய்யும் பயிற்சிகளுக்கு யன்னல் கம்பி நல்ல பிடி; அசையாத குசினி மேடையும் உதவும். இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு குதிக்கால்களை உயர்த்தி இறக்குதல், ஒரு காலைப் பக்கவாட்டில் சற்று விலக்கி மீட்டல், நின்ற இடத்திலேயே மெதுவாக நடத்தல் ஆகியவற்றை எட்டு முறை வீதம் செய்யலாம். கதிரை அவருக்கு நேர் பின்னால் இருக்கட்டும். சமநிலைக்கு, முதலில் இரு பாதங்களையும் ஒட்டி வைத்துப் பத்து நொடி நிற்பதும், அது எளிதான பிறகு ஒரு பாதத்தை அரைப் பாத அளவு முன்னே வைத்து நிற்பதும் போதும். ஒற்றைக் காலில் நிற்க வைக்கவோ கண்ணை மூடச் சொல்லவோ வேண்டாம். திரும்புவதையும் பயிற்சியாகச் செய்யுங்கள்: ஒரு காலில் சுழலாமல், சிறு சிறு அடிகளாக, கடிகார முள் ஒவ்வோர் எண்ணாக நகர்வதைப் போலத் திரும்ப வேண்டும்.

ஆறாம் படி: வெளியே நடத்தல்

வீட்டில் ஒரு வாரம் தள்ளாடாமல் செய்தபின், ஐந்து நிமிட நடையுடன் தொடங்குங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற, ஆனால் பாட முடியாத அளவு வேகமே நடுத்தர வேகம். வாரந்தோறும் இரண்டு மூன்று நிமிடங்களாகக் கூட்டி, இருபது நிமிடம் வரை செல்லலாம். போகும் தூரத்தைப் போலவே திரும்பும் தூரமும் உண்டு என்பதால், அவர் களைப்படையும் முன்னரே திரும்பிவிடுங்கள்.

வழி ஒன்றாகவே இருக்கட்டும். பழகிய வழி மனத்துக்கு அமைதி. உட்துறைமுக வீதியோரம் காலையில் சமதளமாக நடக்க ஏற்றது. டச்சுக் குடாக் கடற்கரையில், மணலில் இறங்காமல் ஓரமாக நடப்பது நல்லது. இளகிய மணலில் கணுக்கால் மடங்கும், பாதம் எங்கே ஊன்றுகிறது என்பதும் தெரியாது. கோணேசர் கோயிலுக்கு நடந்தே ஏறிப் பழகியவர்கள் இங்கே ஏராளம். அந்த ஏற்றம் கால்களுக்கு நல்லதுதான் என்றாலும், இறக்கம் முழங்காலையும் சமநிலையையும் கடுமையாகச் சோதிக்கும். ஆகவே தொடக்க நிலையில் உள்ளவருடன் மட்டும், கூட்டமில்லாத காலை வேளையில், இருவர் துணையாகச் செல்லுங்கள். வெயில் ஏறிய பின் சூடேறிய கல்தரையில் வெறுங்காலுடன் நடப்பது, நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவருக்குத் தாம் அறியாமலே கொப்புளம் உண்டாக்கும். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள். கோட்டைக்குள்ளும் நகரத்து வீதிகளிலும் உலவும் மான்கள் சாதுவானவை, ஆனால் திடீரென்று குறுக்கே பாய்ந்தால் அவர் திடுக்கிட்டுத் தடுமாறக்கூடும். மாடுகளுக்கும் நாய்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

நடக்கும்போது அவருக்குச் சற்றுப் பின்னே, பக்கவாட்டில் நில்லுங்கள். கைத்தடி வைத்திருந்தால் மற்றப் பக்கத்தில். வாகனம் வரும் பக்கம் உங்களுடையதாக இருக்கட்டும். வீதியைக் கடக்கும்போதும் படி ஏறும்போதும் பேச்சை நிறுத்திவிடுங்கள். மறதி நோயில் நடையும் பேச்சும் ஒரே கவனத்துக்குப் போட்டியிடுகின்றன. கேள்விக்குப் பதில் தேடும் நொடியில் கால் தடுமாறும்.

வழி தவறிப் போகும் ஆபத்து, நடக்கக்கூடிய எல்லா நிலையிலும் உண்டு. பெயரும் வீட்டாரின் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துத் தையுங்கள். அன்று அவர் அணிந்திருக்கும் உடையுடன் ஒரு படம் உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கட்டும். பக்கத்துக் கடைக்காரரிடமும் ஓட்டோத் தரிப்பிடத்திலும் விஷயத்தைச் சொல்லி வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடலில் இறங்குவதைப் பற்றிப் பலர் கேட்கக்கூடும். நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில்கூட, நீந்தத் தெரிந்தவரே ஆனாலும் மறதி நோயாளரைத் தனியாக இறங்க விட வேண்டாம். எந்தத் திசையில் கரை என்பதே அவருக்கு மறந்துபோகலாம். முழங்கால் அளவு நீரில், ஒருவர் கையைப் பிடித்திருக்க நிற்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அழைத்துச் செல்வோர் இன்னொன்றை அறிந்திருக்க வேண்டும். ஏழு கிணறுகளின் சூடும் ஒன்றுபோல் இராது. வெந்நீரில் குளித்த உடனே இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குவதால், அதன் பின்னர் அரை மணி நேரமாவது அமர வைத்து நீர் கொடுக்காமல் நடக்க விடக் கூடாது.

ஏழாம் படி: நோய் வளரும்போது பயிற்சியை மாற்றுதல்

தொடக்க நிலையில் அவர் செய்யக்கூடியதை நீங்கள் செய்துகொடுக்காமல் இருப்பதே பெரிய உதவி. முற்றம் கூட்டுதல், செடிக்கு நீர் ஊற்றுதல், சந்தைக்குக் கூட வருதல் ஆகிய அனைத்தும் அவரிடமே இருக்கட்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வாரத்தில் 150 முதல் 300 நிமிட நடுத்தர உடலியக்கத்தையும், இரண்டு நாட்களாவது தசை வலுப்பயிற்சியையும், மூன்று நாட்களாவது சமநிலைப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. தொடக்க நிலையில் உள்ள பலரால் இதை எட்ட முடியும். பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்துச் செய்தாலும் கணக்கில் சேரும்.

நடுநிலையில் இந்த எண்களை விட ஒழுங்கே முக்கியம். ஒரே நேரம், ஒரே கதிரை, ஒரே வரிசை. காலையில் பதினைந்து நிமிட வீட்டுப் பயிற்சியும் பிற்பகலில் பத்து நிமிட நடையும் பெரும்பாலானவர்களுக்குப் போதுமானவை.

கடைசி நிலையில் படுக்கையிலேயே இருப்பவருக்கும் அசைவு தேவை. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என ஒவ்வொரு மூட்டையும் இரு கைகளாலும் தாங்கிப் பிடித்து, வலி தோன்றும் எல்லைக்கு முன்பே நிறுத்தி, நாளுக்கு இரு முறை மெதுவாக அசைத்துவிடுங்கள். தோளை ஒருபோதும் கையைப் பிடித்து இழுத்து உயர்த்தாதீர்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதும், வைத்தியர் அனுமதித்தால் நாளில் சில முறை நன்கு சாய்மானம் கொடுத்து நிமிர்த்தி அமர வைப்பதும் இந்த நிலையில் பயிற்சியே. நிமிர்ந்து அமர்ந்தால் விழுங்குவதும் மூச்செடுப்பதும் எளிதாகும்.

உடனே நிறுத்த வேண்டிய நேரங்கள்

நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், பேச முடியாத மூச்சிரைப்பு, முகம் வெளிறுதல், குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் நிறுத்தி அமர வையுங்கள். வலிக்கிறது என்று சொல்ல முடியாதவரிடம் நெற்றிச் சுருக்கம், பல்லைக் கடித்தல், ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவுதல், திடீர்க் கோபம் ஆகியவையே வலியின் மொழி. நீரிழிவு மருந்து எடுப்பவர் நடுங்கி வியர்த்தால், விழிப்புடன் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சீனி கரைத்த நீரோ இனிப்புப் பானமோ கொடுங்கள். உணர்வு மங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். அவை தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, தாமதிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். நெஞ்சு வலி நிற்காவிட்டாலும் உணர்வு இழந்தாலும் அதே எண்.

விழுந்துவிட்டால் பதறி உடனே தூக்க முயலாதீர்கள். தலையில் அடிபட்டதா, ஒரு கால் குறுகியோ வெளிப்பக்கம் திரும்பியோ கிடக்கிறதா, எந்த மூட்டை அசைக்கும்போது முகம் சுளிக்கிறார் என்று பாருங்கள். ஐயமிருந்தால் அசைக்காமல் போர்த்திவிட்டு அம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். காயமில்லை என்று தெளிவானால், பக்கவாட்டில் திருப்பி, முழங்காலில் ஊன்ற வைத்து, முன்னே பாரமான கதிரை ஒன்றை வைத்து அதைப் பிடித்துத் தாமாக எழும்பச் சொல்லுங்கள். இன்னொரு கதிரையைப் பின்னால் தயாராக வையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், நலமாகத் தோன்றினாலும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குறிப்பேடும் பராமரிப்பவரும்

ஒரு சாதாரணக் கொப்பியில் நாள், எழும்பி அமர்ந்த எண்ணிக்கை, நடந்த நிமிடங்கள், அன்றைய தூக்கமும் மனநிலையும் ஆகியவற்றை எழுதி வாருங்கள். நேற்றை மறந்துபோகும் ஒருவருடன் வாழும்போது, முன்னேற்றமும் சரிவும் உங்கள் நினைவிலும் கலங்கிப்போகும். கிளினிக்கில் கேட்கப்படும் கேள்விகளுக்கு அந்தக் கொப்பி பதில் சொல்லும். இந்தப் பணியை ஒரே மகளிடமோ மருமகளிடமோ முழுவதுமாகச் சுமத்திவிடுவது நம் குடும்பங்களில் வழமையாகிவிட்டது. அது நீடித்தால் முதலில் முறிவது அவருடைய உடல்நலம்தான். காலைப் பயிற்சி ஒருவருக்கும் பிற்பகல் நடை இன்னொருவருக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இருவரும் அதே சொற்களையும் அதே வரிசையையும் பின்பற்றினால் நோயாளர் குழம்ப மாட்டார்.

மாதம் ஒரு முறை கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். எண்ணிக்கை சிறிது சிறிதாகக் குறைந்து வருவது நோயின் போக்காக இருக்கலாம். அதற்கேற்பப் பயிற்சியை இலகுவாக்குங்கள். ஆனால் ஓரிரு நாட்களுக்குள் நடை தள்ளாடத் தொடங்கினாலோ, குழப்பம் திடீரென்று கூடினாலோ, அதை அல்சைமர் நோயின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், நீரிழப்பு, புதிதாகத் தொடங்கிய குளிசை ஆகியவற்றுள் ஒன்று பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அத்தகைய மாற்றம் தெரிந்த அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டு, கிளினிக் கொப்பியோடு இந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். காரணம் கண்டறியப்பட்டுச் சிகிச்சை முடிந்தபின், முன்பு விட்ட இடத்திலிருந்து தொடராமல், மீண்டும் ஐந்து முறை எழும்பி அமர்வதிலிருந்து தொடங்குங்கள்.